கங்கை வாயில் ஒரு இருமல்

கொட்டியாரக் குடாவில் அன்று காற்றில்லை.
ஒன்பது வள்ளம்.
துடுப்புகளுக்குச் சாக்குச் சுற்றச் சொன்னார் துரை.
சுற்றினோம்.
என் அணியத்தில் திருச்சிராப்பள்ளிச் சிப்பாய் சவரிராயன்
மருந்துப்பையைத் தலைக்குமேல் தூக்கியபடியே
வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான்.
"ஆழம் எவ்வளவு அண்ணே?"
"உன் கழுத்துமட்டும். பயப்படாதே."

கங்கை வாயில் கடல்நீர் சட்டென்று உப்புக் குறையும்.
அந்த இடத்தில் நான் இருமினேன்,
மூன்று தரம்.
புகையிலை, என்றேன் துரையின் ஆளிடம்.

பிறகு குதித்தார்கள்.
கண்டல் வேரில் கால் சிக்கி ஒருவன் எழும்பவேயில்லை;
என் வள்ளத்து ஆள்தான், பெயர் கேட்டிருக்கவில்லை.
ஏணி, கூச்சல், இரண்டு வெடி.
மண்கோட்டைக்குள் யாருமில்லை.
அடுப்பில் கஞ்சி மட்டும் பொங்கி
நெருப்பில் வழிந்துகொண்டிருந்தது.

சவரிராயன் உதடு வெந்தும் விடாமல் குடித்தான்.
எனக்கும் ஒரு சிரட்டை நீட்டினான்.
உப்பு கொஞ்சம் தூக்கல், ஒரு துண்டு இஞ்சி:
என் மச்சான் மாரிமுத்தன் கைப்பக்குவம்.
ஒன்றும் சொல்லாமல் குடித்தேன்.

விடிந்ததும் கூலியில் ஒரு பணம் பிடித்தார்கள்,
இருமியதற்கு.
திருகோணமலைக்குத் திரும்புகையில்
வள்ளம் நீரில்
சற்று உயர்ந்தே வந்தது.