கடன் நோக்கம்: வலை

ஏழு என்றுதான் தொடங்கினேன்.
டீசல் கணக்கு நோட்டைத் தலைகீழாகத் திருப்பி
பின்னட்டையிலிருந்து.
முன்பக்கம் அப்பாவுடையது:
லிட்டர், ஐஸ், வியாபாரி முன்பணம், கழிவு.
நடுவில் ஏதோ ஒரு தாளில்
இரண்டு கணக்கும் முட்டிக்கொள்ளும்.

ஹாலிஃபாக்ஸ் நூற்றுப் பத்து டாலர்,
கனடா டாலர், ஆகவே கொஞ்சம் மலிவு.
டப்ளின் ஐம்பது யூரோ, ஆகவே மலிவில்லை.
ஆங்கிலத் தேர்வு பதினேழாயிரத்துச் சொச்சம்,
இருபத்தோரு வருடம் தமிழில் பேசியதற்கு
அபராதம் போல.
தேர்வு மையம் மதுரையில்.
பாம்பனில் முதல் பஸ்ஸைப் பிடித்தாலும்
கதவு சாத்தியபின்தான் போய்ச் சேர்வேன்.
ஆக ஒரு ராத்திரி லாட்ஜ்.
தனியாக விட மாட்டாள் அம்மா,
ஆக இரண்டு டிக்கெட், இரண்டு பொங்கல்,
அவளுக்குப் பஸ்ஸில் வாந்தி வரும், ஒரு எலுமிச்சம்பழம்.
இதையெல்லாம் எந்தப் பல்கலைக்கழகமும்
கட்டண அட்டவணையில் போடவில்லை.

வியாழக்கிழமை பார்த்த டாலர்
திங்களன்று ஒரு ரூபாய் பத்து பைசா ஏறியிருந்தது.
அதே திங்கள் நண்டு
கிலோவுக்கு நாற்பது இறங்கியிருந்தது.
"நம்ம நண்டு அமெரிக்காவுக்குத்தான போகுது?
அங்க ஏறுனா இங்கயும் ஏறணும்ல?"
அப்பா நிஜமாகத்தான் கேட்டார்.
புள்ளியியலில் முதல் வகுப்பு நான்.
கம்பெனி வேனின் பின்விளக்கையே
பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏழு ஐந்தானது.
வாடை விழுந்து ஒன்பது நாள்
படகு இறங்கவில்லை.
ஐந்து மூன்று.

கட்டண விலக்கு கோருவோர்
குடும்ப நிலையை இருநூற்றைம்பது சொற்களில் எழுதுக.
எழுதினேன். நன்றாகவே வந்தது.
என்ன எழுதினாய் என்றாள் அம்மா.
வரிவரியாகத் தமிழில் சொன்னேன்.
கேட்டுவிட்டுப் பாத்திரம் துலக்கப் போனவள்
சாம்பல் கையோடு திரும்பி வந்தாள்.
"அவ்வளவு கஷ்டத்துலயா இருக்கோம்?"
அன்று சாளைக் குழம்பு.
கேட்காமலே இரண்டாம் முறை சோறு வைத்தாள்,
மூன்றாம் முறையும்.
இரவில் ஒரு வாக்கியத்தை அழித்தேன்.
எது என்று சொல்ல மாட்டேன்.
டப்ளின் விலக்கு தந்தது.
ஹாலிஃபாக்ஸிலிருந்து பதிலே இல்லை.

மீதிக்கு மகளிர் குழு, பதினெட்டாயிரம்.
பதிவேட்டில் 'கடன் நோக்கம்' என்றொரு கட்டம்.
ரெமிஜியா அக்கா பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி:
"ஆடுன்னு போடவா, தையல் மிஷின்னு போடவா?
அப்ளிகேஷன்னு போட்டா
பேங்க்காரன் திருப்பி அனுப்பிருவான்."
அம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை.
"வலைன்னு போடு."

என் கார்டை வெளிநாடு ஏற்கவில்லை.
அம்மா கார்டுக்கும் அதே சிவப்பு வரி.
இன்பன்ராஜ் அண்ணனிடம் கிரெடிட் கார்டு உண்டு.
ரொக்கத்தை இரண்டு தரம் எண்ணி வாங்கிக்கொண்டு
"மூணரை பெர்சன்ட் மேல புடிப்பான் தங்கச்சி" என்றான்.
அதற்கு நோட்டில் இடம் விட்டிருக்கவில்லை.
ஓரத்தில், நெடுக்காக, எழுதினேன்.

மாதக் கடைசியில் பேங்க் ஆள் வந்தார்
வாங்கிய பொருளோடு போட்டோ எடுக்க.
சித்தப்பா வீட்டு நண்டு வலையை
பின்வழியாக இழுத்து வந்து விரித்தோம்.
ஒரு முனையில் அம்மா, மறு முனையில் நான்.
ஒரு கண்ணியில் காய்ந்த நண்டுக்கால்.
"புது வலை மாதிரி தெரியலையேம்மா?"
"நனைச்சிட்டோம் சார்."
அவர் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.
பிறகு போனைக் கொஞ்சம் மேலே தூக்கி
வலை பாதி, முகம் முழுசாக எடுத்தார்.

இன்று காலை 'விசா' என்று
தலைப்பு மட்டும் எழுதி, கோடு போட்டு வைத்திருக்கிறேன்.
எதிர்ப்பக்கத்திலிருந்து அப்பா
ஐஸ் பாக்கிவரை வந்துவிட்டார்.
நடுவில் நான்கு தாள் இருக்கிறது.