இணைப்பு 14

எத்திராஜ் வரும்போதெல்லாம்
கடையில் யாராவது ஆதார் ஜெராக்ஸுக்கு நிற்பார்கள்.
அவர்களை முன்னால் விடுவார்.
"நம்மள்து அவசரமில்லமா,
பதினோரு வருசமா போய்க்கினு கீது."

பொருள்: இயலாமை ஓய்வூதியம் வேண்டி
என்று தொடங்கும் கோப்பை
ஏழாவது முறையாகத் திறக்கிறேன்.
தேதியை மாற்றுகிறேன்.
வயதையும்.

வடக்கே ஏதோ ஒரு பட்டறை; பேர் சொல்ல மாட்டார்,
'யூனிட்' என்பார்.
டாங்கி எஞ்சினைக் கழற்றி
தொட்டியில் முக்கியெடுக்கும் வேலை, ஒன்பது வருஷம்.
கையுறை?
"ஆபீசர் ரவுண்ட்ஸ் வர்ற அன்னிக்குக் குடுப்பாங்க."
தொட்டியில் என்ன இருந்தது?
"டிரம்மு மேல நீலப் பட்டை.
வாசனை நல்லாத்தாம்மா இருக்கும், லேசா தித்திக்கும்.
மத்தியானம் ரொட்டிலயும் அதே தித்திப்பு."

பேர் தெரியாததை எப்படி அடிப்பது?
நீலப் பட்டைத் திரவம் என்று அடித்தேன்.
டிரம் வந்துபோன பதிவேடு
காலக்கெடு முடிந்து அழிக்கப்பட்டதாம்,
விதிப்படி.

ஒரு சிறுநீரகத்தை ஸ்டான்லியில் எடுத்தாயிற்று.
வலது கை தானாக ஆடுகிறது,
சும்மா ஓடும் டீசல் எஞ்சின் மேல்
மறந்து வைத்த ஸ்பேனர் போல.

மருத்துவ போர்டு எழுதியது ஒரே வரி:
பணியால் வந்ததல்ல, பணியால் முற்றியதுமல்ல.
அதன் கீழே பொடி எழுத்தில்:
மனுதாரர் வசிப்பது எர்ணாவூர்.
சுற்றுப்புறக் காற்றும் காரணமாகலாம்.

அதைப் படித்துவிட்டு இருமும்வரை சிரித்தார்.
"வாயு கசிஞ்ச மறுநாள் கம்பெனி கேம்ப் போட்டான்ல,
அந்த டாக்டர் இன்னா கேட்டாரு தெரியுமா?
மிலிட்டரியா நீங்க,
அப்ப அங்கேருந்து வந்திருக்கும்னாரு."

நான் விசைப்பலகையைத் துடைத்தேன்.
காலையில்தான் துடைத்தது.
'க' மேல் மறுபடியும் சாம்பல்.

ஆறாவது மனு திரும்பி வந்த காரணம் வேறு:
கையெழுத்து பொருந்தவில்லை,
எண்பத்தாறில் சேர்க்கைப் படிவத்தில் போட்டதோடு.
எடுத்துப் பார்த்தேன்.
நிமிர்ந்த 'எ', நேர்கோட்டில் பேர்,
அடியில் ஒரு கோடு, இரண்டு புள்ளி.
பத்தொன்பது வயசுக் கை.

"காகிதத்தைப் புடிச்சுக்கோமா" என்றார்.
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.
பேனா மேசைக்கு வந்தது, என் விரலுக்கு வந்தது,
கடைசியில் காகிதத்துக்கும் வந்தது.

"இதையே சேத்துடட்டுமா சார்,
தனித்தாள்ல,
இணைப்பு பதினாலுன்னு?"
யோசித்தார்.
"சேரு. ஆனா பேரை அடிச்சுடு கீழ,
இன்னாதுன்னு அவனுக்குத் தெரியணும்ல."

முப்பது ரூபாய் வைத்தார்.
படியிறங்கி நின்று, திரும்பாமலே சொன்னார்:
"அடுத்தவாட்டி தேதிய நீயே மாத்திக்கோமா.
நான் வரலன்னாலும்."