ஓட்டுராயர்

காலை ஏழு மணிக்கு வாக்குப்பதிவு.
இன்றிரவு எனக்குப் படுக்கை
ஓடைக்காடு எஸ்டேட் பள்ளிக்கூடத்தில்
இரண்டு பெஞ்சு, ஒரு சால்வை.
துணைக்குச் சீல் வைத்த இயந்திரம்.
கோத்தகிரிக் குளிர் காலுறைக்குள் புகுந்து
விரல்களை ஒவ்வொன்றாய் எண்ணிப் பார்க்கிறது.

தூக்கம் வராமல் பீரோவைத் திறந்தேன்.
கிழிந்த தேசப்படம், நாக்கில்லாத மணி,
அடியில் எஸ்டேட் ஆபீசின் பழைய கட்டு.
கரப்பான் தின்றது போக
ஒரு மனிதனின் பாதி ஆயுள்.

ஆம்ப்ரோஸ் ஹோல்ட்ராய்ட்.
இருபத்திரண்டு வயதில் இங்கே சின்னத் துரை.
வாயில் நுழையாத பேரை
லயத்துக்காரர்கள் மென்று துப்பியதில் மிஞ்சியது
ஓட்டுராயர்.
ஓட்டு என்றால் ஓட்டு வீடு மட்டுமே தெரிந்த காலம்.
அதுவும் துரைக்குத்தான்.

செக்ரோல் முழுக்க அவர் கையெழுத்து,
இடப்பக்கம் சாய்ந்து, அவசரமே இல்லாமல்:
கம்பளிக்குப் பிடித்தம் ஆறணா.
கம்பளிக்குப் பிடித்தம் ஆறணா.
மூக்காயி, கம்பளி, ஆறணா.
மூக்காயி, இறப்பு.
பாக்கி மகன் கணக்கில்.

நாலு வருஷம். பிறகு காய்ச்சல், கப்பல், சொந்த ஊர்.
ஸ்கெல்தார்ப் என்று ஒரு மில் ஊர்.
இங்கே பிரட்டுக் களத்தில் நனைந்த கம்பளியெல்லாம்
அங்கே தறியிலிருந்து விழுந்தவை.
அந்த ஊர் அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது.
ஒன்பது வருஷம் உட்கார்ந்திருந்தார்.
பேசியது மூன்றே முறை:
சாக்கடை பற்றி ஒன்று,
நாய்க்கு லைசென்ஸ் பற்றி ஒன்று,
மூன்றாவது,
கத்தரித்து ஒட்டிய பத்திரிகைத் துண்டில் இருக்கிறது:

‘நீலகிரியில் ஒரு தோட்டத்தில்
செத்தவள் போர்த்திய கம்பளிக்கு
அவள் பிள்ளை கடன் கட்டுகிறான்.
அமைச்சருக்கு இது தெரியுமா?’

பிடித்தவர் யார் என்று அவர் சொல்லவில்லை.
யாரும் கேட்கவும் இல்லை.
தகவல் கோரப்பட்டுள்ளது என்றார் அமைச்சர்.

தகவல் தேடிக் காகிதம் புறப்பட்டது.
லண்டன், சென்னை, ஊட்டி, குன்னூர்,
கடைசி மைல்கள் மட்டக் குதிரை முதுகில்.
மேனேஜர் பதில் ஒன்றரை வரி:
கம்பளி தரமானது. புகார் ஏதுமில்லை.
அதன் கீழே, ஆபீசுக்கு மட்டும், சிவப்பு மையில்:
இனிப் பிடித்தம் வேண்டாம்.
கம்பளியும் வேண்டாம்.

அந்த வருஷம் உறைபனி நிறைய விழுந்திருக்க வேண்டும்.
தை மாதப் பக்கத்தில்
அடித்த பேர்கள் பதினேழு.

அங்கே ஆர்டர் நின்று தறிகள் நின்றன.
அடுத்த தேர்தலில்
இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் தோற்றார்.
நெய்தவர்கள் அவரைக் கவிழ்த்தார்கள்.
போர்த்தியவர்களுக்கு ஓட்டே கிடையாது.

கட்டின் கடைசியில் ஒரு கடிதம்,
அந்நாளில் பையன் குமாஸ்தா,
இப்போது ஹெட்கிளார்க் மாசிலாமணிக்கு:
‘நான் கேட்டது தப்பா?
மூக்காயி மகன் என்ன ஆனான்?’
பதில் நகல் இல்லை.
கரப்பான் தின்றிருக்கலாம்.
மாசிலாமணி எழுதாமலும் இருந்திருக்கலாம்.
என்ன எழுதுவார்?

எனக்கு இரக்கம் வரவில்லை, ஓட்டுராயரே.
அந்தச் சாய்ந்த எழுத்தை நிறையப் பார்த்துவிட்டேன்.
ஆனாலும் ஒன்று,
ஒரு கேள்வி கேட்க உமக்கு முப்பது வருஷம் ஆயிற்று.
எனக்கு இது பதினோராவது தேர்தல்.
படிவம் பதினேழு, மை, மெழுகு, அரக்கு.
கேட்டதெல்லாம்
டீ எப்போது வரும் என்பதுதான்.

ஏழு மணி. மூடுபனியோடு வரிசையும் உள்ளே வருகிறது.
மூன்றாவது ஆள் பூவாத்தாள்,
ஆண்பிள்ளை ஸ்வெட்டர், கையில் கூப்பன் போல மடித்த சீட்டு.
ஏஜெண்டு பட்டியலில் விரல் ஓட்டுகிறார்:
‘இந்தம்மா பேர் அடிச்சிருக்கு சார்.
இறப்புன்னு போட்டிருக்கு.’

பூவாத்தாள் என்னைப் பார்க்கிறாள்.
வாயிலிருந்து புகை புகையாய் மூச்சு வருகிறது.
அடுத்தவர் என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.
வாயைத் திறக்கிறேன்.