காலி எடை

எட்டு மணிச் செய்திக்குள்
நாகரத்தினம் ஒட்டுக்கடையில் சம்பல் தீர்ந்துவிடும்.
ஆலையிலிருந்து நேரே வந்து
தோசை கட்டச் சொல்லி நின்றேன்,
உடுப்பில் செம்பனை வாடை,
விரல் நுனியில் நிறுவைச் சீட்டின் கரி.

தொலைக்காட்சியில் அந்த மனிதர்.
எந்த நாடென்று எல்லாருக்கும் தெரியும்.
யாரும் பேர் சொல்லவில்லை,
ராத்திரியில் பாம்பைச் சொல்லாதது போல.
நீலக் கழுத்துப்பட்டை,
பக்கத்தில் ஒரு கண்ணாடித் தம்ளர்.
வேறு வழி இருக்கவில்லை என்று
அடியில் மலாய் எழுத்து ஓடியது.
மறுபடி அதே நாள் வந்தாலும்
அதே முடிவைத்தான் எடுப்பாராம்.

லோரி செபஸ்தியான் டிஷ்யூவை உருட்டி
திரைமேல் எறிந்தார்.
அந்த மனிதரின் காதில் பட்டு
பருப்புக் குழம்புக்குப் பக்கத்தில் விழுந்தது.
"எறியிறதுன்னா ரோட்டுல நின்னு எறி"
என்றார் நாகரத்தினம், கரண்டியோடு.

"என்ன சொன்னாலும், நின்னு பேசுறான் பாரு,
ஒரு தடுமாத்தம் இல்ல."
"அதான்யா பயமா இருக்கு"
கிளினிக் மிஸ்ஸி தவமலர், தலை நிமிராமல்.
யூனியன் வேலப்பன் மேசையைத் தட்டினார்:
"வேற வழி இல்லன்னுதான்
நம்மாளுங்கள சயாமுக்கு ஏத்துனான்.
தண்டவாளம் போட."
"ஆரம்பிச்சுட்டாரு" என்றது பின் மேசை.
காச்சாங் விற்கும் பாக் ஜைனல்
தே ஓவை மிச்சம் வைக்காமல் குடித்தார்,
சில்லறையை எண்ணினார்,
மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

"போரடிக்குது, பந்து போடுங்க"
என்றான் வேலப்பனின் பேரன்.
சொன்ன பிறகுதான்
சொல் அவனுக்கே கேட்டிருக்க வேண்டும்.
யாரும் சிரிக்கவில்லை.

"மாத்தாத, மாத்தாத" என்று
வாசலிலிருந்து ரோஃபிகுல்.
மூன்று வருடத் தோட்டத்துத் தமிழ்.
அவன் அண்ணன் அந்தப் பக்கத்துத் துறைமுகத்தில்
கப்பலுக்குச் சாயம் அடிக்கிறான்.
சரியா தப்பா என்பதில் ரோஃபிகுல் சேரவில்லை.
"ஏரோப்ளேன் எறங்குற எடம்
தொறந்து இருக்கா?"
ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.
அந்த மனிதரிடம் யாரும் அதைக் கேட்கவில்லை,
அங்கேயும்.

தம்ளரை எடுத்துக் குடித்தார்.
குடித்து முடிக்கும்வரை
கடை முழுக்கக் காத்திருந்தது.

என் வேலை சுலபமானது.
லோரி மேடையில் ஏறும், எண்ணைப் பார்ப்பேன்.
பழத்தைக் கொட்டிவிட்டு வரும்,
மறுபடி பார்ப்பேன்.
கழித்தால் மிச்சம் பழம்.
ஏறும்போது தண்ணீர் டாங்கியை நிரப்பி
இறங்கும்போது திறந்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு,
முகத்தைப் பார்த்தே சொல்வேன்.
இவர் முகத்தில் எனக்கு
ஒன்றும் தெரியவில்லை.

தோசை ஆறிவிட்டது.

காலையில் கொம்பனித் தாள் வந்தது.
கப்பல் போகும் வழியை அடைத்துவிட்டார்களாம்,
உலகத்துக்கு எண்ணெய் போதவில்லையாம்,
டன்னுக்கு முப்பத்தெட்டு வெள்ளி கூடுதல்.
கண்ணாடியில் ஒட்டினேன்.
பசை காயுமுன்
செபஸ்தியான் லோரி வந்து நின்றது.
ஆற்றோரம் அவருக்கும் இரண்டு ஏக்கர் உண்டு.

"என்னா வெலம்மா இன்னிக்கி?"
சொன்னேன்.
"நெசமாவா!" என்று வந்த சிரிப்பை
மண்டோரைக் கண்டதும் சுருட்டை மறைப்பது மாதிரி
எங்கேயோ வைக்கப் பார்த்தார்.
நானும் தாளைத்தான் பார்த்தேன்.
எனக்கும் வருடக் கடைசியில் போனஸ் வரும்.

எண் நிலைக்கவில்லை.
எட்டிப் பார்த்தேன்.
பழக்குலைகளின் மேல் ரோஃபிகுல்,
முள் குத்துவது தெரியாமல்,
போனைக் காதில் அழுத்தியபடி.

"ஆள் எறங்கணும்" என்று கத்தினேன்.
சட்டம் அது.

போனை எடுக்காமலே
ஒரு கையால் பிடித்து இறங்கினான்.
எண் அறுபது கிலோ குறைந்தது.
சீட்டை அடித்தேன்.