அதே வரி, மறுபடியும்

தண்டையார்பேட்டையில் லாரித் தண்ணீருக்கு
வரிசையில் நிற்பது ஆளில்லை.
ஒரு நெளிந்த குடம், ஒரு செங்கல்,
வார் அறுந்த ஒற்றைச் செருப்பு,
அதற்குப் பின்னால் எங்கள் வீட்டு பெயின்ட் டப்பா.
இடம் உண்டு, தண்ணீர் இல்லை.
லாரி வந்து நின்று
யாராவது குழாயில் கை வைக்கும்போதுதான்
பேச்சு நிஜமாகும்.

கெர்னலும் இப்படித்தான்.
கேட்ட நிரலுக்கெல்லாம் முகவரியை
வாரிக் கொடுத்துவிடும்.
பின்னால் ஒரு பைட் நினைவகம்கூட இருக்காது.
நிரல் முதல்முறை தொடும்,
பக்கம் இல்லையென்று செயலி தடுக்கி விழும்,
கெர்னல் ஓடி வரும்,
காலிச் சட்டகம் ஒன்றைத் தேடி எடுத்து
முன்பு குடியிருந்தவனின் எழுத்தெல்லாம் போகப்
பூஜ்யத்தால் கழுவிக்
கையில் கொடுத்துவிட்டுப் போகும்.
பக்கப் பிழை என்கிறார்கள்.
பிழையென்று யார் பெயர் வைத்தார்களோ,
நாளெல்லாம் நடக்கிற பிழைப்பு அது.

இரவு ஒன்றே முக்கால்.
சோதனை இயந்திரத்தில் ஒரு கோர் மட்டும்
நூறு சதவீதத்தில் கொதிக்கிறது.
சாகவில்லை. பதிவேட்டில் ஒரு வரி புகார் இல்லை.
ஒரே கட்டளையில் நிற்கிறது நிரல்,
மூச்சிரைக்க ஓடியபடி.

தேசப்பன் கூப்பிட்டான்.
எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர்,
துறைமுக வாசலுக்கு நாலு கிலோமீட்டர்,
முந்தாநாள் சேர்ந்த வரிசை.
"இன்ஜின ஆஃப் பண்ணிட்டுப் படுத்துக்கினு கீறேன்.
முன்வண்டி நவுந்தா கிளீனர் எழுப்புவான்.
சேட்டு கடை ரசீது எங்கனா கீதா பாரேன்,
அந்த வளையல..."
முன்வண்டி நகர்ந்துவிட்டது போல.

நினைவகம் நிறைந்தால்
ரொம்ப நாள் தொடாததை
ஸ்வாப்புக்கு அனுப்புவது விதி.
அம்மாவின் வளையல் போனது
என் மூன்றாவது செமஸ்டரில்.
பழைய வண்ணாரப்பேட்டை, சம்பத்லால் அடகுக்கடை.
பொருள் இருந்த இடத்தில்
அது இப்போது எங்கே இருக்கிறது என்று ஒரு எண்:
பக்க அட்டவணையிலும் அவ்வளவுதான் மிஞ்சும்.
வருஷா வருஷம் தேசப்பன் போவான்.
வட்டி கட்டி, ரசீதில் புது முத்திரை வாங்கி,
"வேல முடிஞ்சுது" என்று வருவான்.
மறுபடி ஒரு கல்யாணம்,
மறுபடி அம்மாவின் வெறுங்கை,
மறுபடி கடை, மறுபடி முத்திரை,
மறுபடி வேல முடிஞ்சுது.

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தேன்.

முடிந்தது என்று யார் சொன்னது?

வட்டிலிருந்து பக்கம் வந்து சேர்கிறது.
பூட்டை எடுத்துக்கொண்டு கெர்னல்
அட்டவணையை இன்னொரு தடவை பார்க்கிறது:
தூங்கப் போகுமுன் பார்த்த அதே எண்தானா?
எண் அதேதான்.
ஓரத்தில் ஒரு பிட் மாறியிருக்கிறது,
புது முத்திரை மாதிரி.
அதைப் பார்த்துவிட்டு
"சரி, வேறு யாரோ மீட்டுவிட்டார்கள்" என்று
வந்த பக்கத்தைக் கீழே போட்டுவிட்டு
வெற்றி என்று திரும்பிப் போகிறது.
நிரல் அதே வரியை மறுபடி ஓட்டுகிறது.
மறுபடி பக்கம் இல்லை.

எண்ணை மட்டும் பார், முத்திரையைப் பார்க்காதே.
இதை எழுத ஒரே வரி போதும்.
கோர் ஆறியது.
நின்றிருந்த நிரல்
நின்றதே தெரியாமல்
அடுத்த கட்டளைக்குப் போனது.

மூன்று மணி தாண்டி ஃபோன் அடித்தது.
"...மீட்டுடலாம் இந்த மாசம், இன்னா சொல்ற?"
எதை என்று நான் கேட்கவில்லை.
சரி என்றேன்.
ரசீதைத் தேட எழுந்தேன்.
எங்கே வைத்தேன் என்பதற்கு
ஒரு குறிப்பும் இல்லை.