பவர் பத்திரம்

சூ ஆற்றுப் பாலத்துக்கு முன்னால்
பதினாலு வண்டிகள்.
பதினைந்தாவது நான்.

கூட வந்தவர்களை இறக்கி
வேறு வழியாக நடக்கவிடுவார்கள் இங்கே.
ஓட்டுகிறவர் மட்டும் வண்டியோடு போகவேண்டும்.
என்னோடு இறங்க யாருமில்லை.
பின்சீட்டில் அவனுடைய குளிர்கோட்டு,
ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது போட்டுக்கொள்ள.

ஆர்.சி. அவன் பெயரில்.
லைசென்ஸ் என் பெயரில்.
இரண்டையும் சேர்த்துத் தைக்க
நோட்டரி முத்திரை விழுந்த ஒரு தாள்.

எழுதிக் கொடுப்பவர்: ஜபார்குல்.
எழுதி வாங்குபவர்: பூபுசாரா.
எங்கள் பெயர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்
அரசாங்கத் தாள் இது ஒன்றுதான்.
நிக்கா ஓதிய இமாம் ரசீது கொடுக்கவில்லை.
பதிவேட்டில் இன்னமும் இருப்பவள்
கராபால்டாக்காரி.
பதினோரு வருஷம் அதைப் பற்றி நான் கேட்கவில்லை,
அவன் சொல்லவில்லை.
வண்டிக்கென்று வந்தபோதுதான்
நரின் கடைத்தெரு மாடியில்
பிஸ்தா நிற நகம் வைத்த ஒருத்தி முன்னால்
ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம்.

ஓட்ட, பழுது பார்க்க,
எல்லை தாண்டிக் கொண்டுபோக,
திருப்பிக் கொண்டுவர.
"விற்கவும் உரிமை சேர்க்கட்டுமா?"
"வேண்டாம், மறுநாளே விற்றுவிடுவாள்" என்றான்.
வலப்பக்க ஸ்டியரிங் வைத்த கிழட்டு சுபாரு;
அதை வாங்க ஆள் வேண்டாமா?

முத்திரை மை காய ஊதிக்கொண்டே அவள் சொன்னாள்:
நவம்பர் இருபது வரை செல்லும்.
எழுதிக் கொடுத்தவர் நடுவில் போய்விட்டால்
அந்த நிமிஷமே செல்லாது.
எல்லாரிடமும் சொல்வதுதான் போல.
அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

இன்று
ஒன்பதாவது வண்டி நகரும்போது போன்.
அல்மாட்டி நம்பர்.
"அவருக்கு நீங்கள் என்ன வேண்டும்?"
அதைத்தான் முதலில் கேட்டாள் நர்ஸ்.
நான் எதுவோ சொன்னேன்.
பிறகு அவள் சொன்னாள்:
ஆறு நாற்பதுக்கு.

ஆறு நாற்பதுக்கு
டோக்மாக்கில் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தேன்.
மீதிச் சில்லறைக்கு சூயிங்கம் தந்தான் பையன்.
அதற்குப் பிறகு ஓட்டிய அறுபது சொச்சம் கிலோமீட்டரும்
யாருடைய வண்டியை
யார் சொல்லி ஓட்டினேன்?

பின்னாலிருந்த லாரிக்காரன் ஹார்ன் அடித்தான்.
முன்னால் இடம் விழுந்திருந்தது.
கியரைப் போட்டேன். கால் தானாக வேலை செய்தது.

கசாக் பையன், மீசை இப்போதுதான்.
தாளை வெளிச்சத்தில் பிடித்தான்.
பானெட்டைத் திறக்கச் சொல்லி
டார்ச் அடித்து சேஸி எண்ணைப் படித்தான்.
"இது ஏழா, ஒன்றா?"
துரு.
என் கம்பளிச் சட்டைக் கையால் துடைத்தேன்.
ஏழு.

"இவர் உங்களுக்கு என்ன வேணும்?"
காலையிலிருந்து இது இரண்டாவது தடவை.
என்ன வேணும் எனக்கு?
"வண்டி அவருடையது" என்றேன்.
"சௌக்கியமா இருக்காரா?"
அக்கறையில்லை, சந்தேகமும் இல்லை.
எங்கள் பக்கம் போலவே அவர்கள் பக்கமும்
ஆடு மாடு வரைக்கும் நலம் விசாரித்துவிட்டுத்தான்
அடுத்த பேச்சு.

"இருக்கார்."

டொக்.
செத்த தாளின்மேல்
உயிருள்ள முத்திரை.

பாலம் தாண்டியதும் இன்சூரன்ஸ் கூண்டு.
சமோவார் பக்கத்தில் ஒரு அம்மாள்.
எத்தனை நாளுக்கு என்றாள்.
உடம்பை வாங்க ஒரு கையெழுத்து வேண்டும்,
அது கராபால்டாவில் இருக்கிறது.
எல்லை தாண்டி அதைக் கொண்டுவர
வேறு தாள்கள், வேறு பெட்டி, வேறு வண்டி.
என்னிடம் உள்ள "திருப்பிக் கொண்டுவர"
சுபாருவுக்கு மட்டும்.
"குறைச்சலா எவ்வளவு உண்டோ, அவ்வளவு."

பதினைந்து நாள் என்று எழுதினாள்.
"உரிமையாளர் போன் நம்பர்?"

ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன்.
கடைசி இரண்டை இடம் மாற்றி எழுதிவிட்டாள்.
நான் கண்ணாடியில் விரல் வைத்துத்
திருத்தச் சொன்னேன்.