பின்னுக்கு எடுத்தல்

எங்கள் லொறிக்குப் பின்கண்ணாடி இல்லை.
அது இருந்த இடத்தில் கட்டிலின் தலைமாடு.
பலகை அடித்து முதுகில் அறை கட்டின நாளிலிருந்து
பின்பக்கம் என்பது
இவருக்கு நான்தான்.

இரண்டு நாளாகப் பேச்சில்லை.
என் சீட்டுக் காசில், என்னிடம் கேளாமல்,
இருநூறு லீற்றர் தாங்கி ஒன்று வாங்கிக்
கூரையில் ஏற்றிவிட்டார்.
"இனி எந்தத் துறையிலும் குளிக்கலாம்" என்றார்.
நான் தேங்காய் துருவிக்கொண்டே இருந்தேன்,
சிரட்டை வரும்வரை,
சிரட்டை வந்த பிறகும்.

அம்பிளாந்துறை இறக்கம்.
கீழே சாமித்தம்பியின் வள்ளம்,
அதன் வாலில் மூச்சு நின்ற நாற்பது குதிரை எஞ்சின்.
கழற்றி ஏற்றவேண்டும்.
முந்தநாள் முகத்துவாரம் வெட்டியிருக்கிறார்கள்.
வாவி இரண்டு முழம் இறங்கிப்போய்
மாசக்கணக்காய் நீருக்குள் கிடந்த கொங்கிறீட்
வெயிலுக்கு முதுகு காட்டுகிறது,
பச்சையாய்,
மாடு மேயலாம் போல.

மேட்டில் நிறுத்தியதும்
ஏணியில் ஏறித் தாங்கியைத் திறந்துவிட்டேன்.
கோபம்தான்.
என்றாலும் இருநூறு கிலோ உச்சியில் தளம்பச்
சரிவில் இறங்குகிற லொறி
குடித்தவன் மாதிரி, எந்தப் பக்கம் சாயும் என்று
தனக்கே தெரியாது.
தண்ணீர் ஓரமாய்க் கண்ணாப் பற்றைக்குள் ஓடியது.
நெடுநேரம் ஓடியது.
பக்கக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.
வாய் திறக்கவில்லை.

மறுகா பேசத்தானே வேண்டும்.
"வரட்டும்."
"வரட்டும்."
"வலக்கைப் பக்கம் கொஞ்சம் கிறுக்குங்க."
"கூடிப்போச்சு. நேர்."
இவையெல்லாம் சண்டைக் கணக்கில் சேராது.

செருப்பைக் கழற்றிவிட்டு
அவருடைய கண்ணாடிக்குள் நின்றபடி
பின்காலால் இறங்கினேன்,
பெருவிரலால் தரையைக் கேட்டுக் கேட்டு.
சூடு.
சூடு.
மணல்.
சூடு.
பிறகு குளிர்ந்து, நுங்கின் வழவழப்பு.
வானம் ஒருதரம் சுற்றியது.
இடுப்பு அடிபட இருந்துபோன இடத்திலிருந்து
"விமலேந்திரன்!" என்று கத்தினேன்.

கலியாணம் முடித்துப் பதினொரு வருஷம்.
பேர் சொன்னது அதுதான் முதல்.

சிவப்பு வெளிச்சம்.
பச்சைக்கு ஒரு சாண் மேலே
இரட்டைச் சில்லுகள் நின்றிருந்தன.
ஹாண்ட் பிறேக் இழுபட்ட சத்தம்,
கதவு திறந்த சத்தம்.
முதலில் முதிரைக் கட்டைகளை வைத்தார்,
இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று,
காலால் உதைத்துப் பார்த்தார்.
அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்தார்.
அது சரி. நானும் அப்படித்தான் செய்திருப்பேன்.

"நீ கத்த முந்தியே மிதிச்சிட்டன்" என்றார்.
"கண்ணாடியில உன்னைக் காணல்ல.
காணாட்டி நிப்பாட்டுறதுதானே."

லொறி அதற்குமேல் இறங்கவில்லை.
கயிறு போட்டோம்.
சாமித்தம்பியும் மருமக்கள் இரண்டு பேரும்
முட்டளவு நீரில் நின்று தள்ள,
சில்லுக்கு எமனான பாசி
ஏராவுக்கு எண்ணெய் ஆனது.
வள்ளம் தானாய் வருகிற மாதிரி வந்தது.
செயின் புளொக்கில் எஞ்சின் தொங்கி,
ஆடி,
ஒரு பழைய வலைக்குமேல் அமர்ந்தது.

ஏறும்போது முதல் கியர்.
அறைக்குள் சோற்றுப் பானை ஒரு மூலையிலிருந்து
மறு மூலைக்குப் போவது எனக்குக் கேட்டது.
கட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு
பக்கவாட்டில் நடந்தேன்,
நின்றால் உடனே வைக்க.
நிற்கவில்லை.

மேட்டில் எஞ்சினை அணைத்துவிட்டு
என் சட்டையைப் பார்த்தார். முதுகு முழுக்கப் பச்சை.
"குளிக்கத் தண்ணி?" என்றார்.

நான் கூரையைப் பார்த்தேன்.
அவரும் பார்த்தார்.
பிறகு இரண்டு பேரும்
வாவியைப் பார்த்தோம்.